பனியை உழும் ஏர்!

குட்டீஸ்! மழைக்காலம் வருவதற்கு முன் உங்கள் வீட்டில் என்னவெல்லாம் நடக்கும்? பரண் மேல் கிடக்கும் குடையை எடுத்து, உடைந்த கம்பியைச் சரி செய்வார்கள். ஓட்டு வீடாக இருந்தால், உடைந்த ஓடுகளை மாற்றுவார்கள். மழை கொட்ட ஆரம்பித்த பிறகு கூரை மேல் ஏற முடியுமா? முடியாது அல்லவா!

அமெரிக்கா, கனடா, நார்வே போன்ற குளிர் நாடுகளிலும் இப்படி ஒரு வேலை உண்டு. குளிர்காலம் தொடங்கும் முன்பே அங்குள்ள பட்டறைகளில், ‘டங்... டங்...’ என்று சம்மட்டிச் சத்தம் கேட்கும். வெல்டிங் பொறி பறக்கும். எதற்குத் தெரியுமா? சாலையில் குவியும் பனியைத் தள்ளும் லாரிகளின் ‘கலப்பை’யைப் பழுது பார்க்கத்தான்!

பனிக்குக் கலப்பையா என்று சிரிக்காதீர்கள். நம் ஏர் மண்ணைப் புரட்டி ஒதுக்குகிறது அல்லவா? அதேபோல, லாரியின் முன்னால் மாட்டிய பெரிய இரும்புப் பலகை பனியைப் புரட்டி ஓரமாக ஒதுக்குகிறது. அதனால்தான் அதற்கு, ‘பனிக் கலப்பை’ என்று பொருள் தரும்படி, ‘ஸ்னோ பிளவ்’ எனப் பெயர் வைத்தனர்.

உயிர் காக்கும் வேலை

பனி பஞ்சு போல இருக்கும், தள்ளுவதில் என்ன கஷ்டம் என்று நினைக்கிறீர்களா? புதிதாக விழுந்த பனி, ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். ஈரம் கோத்து இறுகிவிட்டாலோ 300 கிலோவைத் தாண்டிவிடும். அம்மாடியோவ்!

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரிக் கரையில் பபலோ என்ற நகரம் இருக்கிறது. 2022ம் ஆண்டு டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே பெரும் பனிப்புயல் வீசியது. 4 அடிக்கும் மேல் பனி கொட்டியது. ஆம்புலன்ஸ்களும், தீயணைப்பு வண்டிகளும் கூட நடுச்சாலையில் சிக்கிக் கொண்டன. அந்தப் பகுதியில் 40 பேருக்கு மேல் இறந்தனர்.

சாலை திறந்திருந்தால்தான் நோயாளியிடம் டாக்டர் போக முடியும். பால் வண்டி வர முடியும். பனிக் கலப்பை நடுவழியில் உடைந்து நின்றால், அதன் பின்னால் வரும் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்!

தேய்வது எது?

நம் ஊர் ஏரின் அடியில், ‘கொழு’ என்ற இரும்பு முனை இருக்கும். மண்ணில் உரசித் தேய்வது அந்தக் கொழுதான். தேய்ந்ததும் கொல்லர் பட்டறையில் கொடுத்து, காய்ச்சி அடித்துக் கூராக்குவர். இதனால் ஏரின் மரம் தேயாமல் தப்பும்.

பனிக் கலப்பையிலும் அதே தந்திரம்தான்! வளைந்த பெரிய பலகையின் அடியில், கடினமான எஃகுப் பட்டை ஒன்றை போல்ட் போட்டு மாட்டியிருப்பர். சாலையில் உரசித் தேய்வது அந்தப் பட்டைதான். தேய்ந்தால் கழற்றிவிட்டுப் புதிது மாட்டலாம். சில பட்டைகளைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி, மறு ஓரத்தையும் பயன்படுத்தலாம்.

ஆனால், ‘இன்னும் ஒரு நாள் ஓட்டலாம்’ என்று சோம்பல்பட்டால் போச்சு! பட்டை முழுவதும் தேய்ந்து, பலகையே சாலையில் உரச ஆரம்பிக்கும். சின்னச் செலவில் முடிய வேண்டியது பெரிய செலவாகிவிடும். செருப்பின் அடி தேய்ந்த பிறகும் நடந்தால், அடுத்து தேய்வது நம் குதிகால்தானே!

இன்னொரு எதிரி உப்பு. சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பைத் தூவுவர். அந்த உப்புநீர் இரும்பில் பட்டால் துரு வேகமாகப் பிடிக்கும். எனவே குளிர்காலம் முடிந்ததும் கலப்பையை நன்றாகக் கழுவி வைப்பர்.

பட்டறையில் என்ன நடக்கும்?

முதல் வேலை, பலகையைத் தரையில் இறக்கி, உறுதியான கட்டைகளின் மேல் நிறுத்துவது. தூக்கிய நிலையில் இருக்கும் பலகையின் அடியில் யாரும் போகக் கூடாது. தூக்கி நிறுத்தும் எண்ணெய்க் குழாய் சட்டென்று வெடித்தால் ஆபத்து!

அடுத்து, துருவையும் பழைய பெயின்ட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பர். அப்போதுதான் மறைந்திருக்கும் விரிசல்கள் தெரியும். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கும் ஒரு வழி உண்டு. சிவப்புச் சாயத்தைத் தடவி, சிறிது நேரம் கழித்துத் துடைத்துவிடுவர். பிறகு, வெள்ளை மருந்தைத் தெளிப்பர். விரிசலுக்குள் புகுந்திருந்த சாயம் வெளியே கசிந்து, வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாகத் தெரியும். திருடன் அகப்பட்டான்!

விரிசலை அப்படியே வெல்டிங் வைத்து மூடினால், மறுபடியும் அது நீளும். எனவே, முதலில் விரிசலின் நுனியில் ஒரு சின்ன வட்ட ஓட்டை போடுவர். இதென்ன, உடைந்ததில் மேலும் ஓட்டையா? ஆம்! சிப்ஸ் பாக்கெட்டின் ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தால், இழுத்ததும் சர்ரென்று கிழிகிறது அல்லவா? இழுக்கும் விசை முழுவதும் அந்தக் கூரான நுனியில் சேர்வதுதான் காரணம். நுனியை வட்டமாக்கிவிட்டால், விசை சுற்றிலும் பரவிவிடும்.

பிறகு விரிசலை ‘வி’ வடிவத்தில் தோண்டி, உள்ளே வரை வெல்டிங்கால் நிரப்புவர். தடித்த இரும்பாக இருந்தால் முதலில் சூடாக்கிக் கொள்வர். இல்லாவிட்டால் வெல்டிங் சட்டென்று ஆறும்போது, பக்கத்திலேயே புது விரிசல் விழும்.

செய்து பாருங்கள்!

இரண்டு புத்தகங்களைச் சற்றுத் தள்ளி வைத்து, மேலே ஒரு தாளைப் பாலம் போல வையுங்கள். அதன் நடுவில் ஒரு நாணயத்தை வைத்தால், தாள் தொய்ந்துவிடும். இப்போது அதே தாளை விசிறி போல மடித்து வையுங்கள். நாணயத்தைத் தாங்கிக் கொண்டு கம்பீரமாக நிற்கும்!

தாள் ஒன்றுதான். மடிப்புதான் பலம் தந்தது. பனிக் கலப்பையின் முதுகைப் பார்த்தால், நம் விலா எலும்பு போல இரும்புப் பட்டைகள் நிற்கும். பலகை வளையும் இடத்தில் இன்னும் ஒரு விலாவைச் சேர்ப்பர். மூலைகளில் முக்கோணத் தகடு வைப்பர். தேய்ந்து அகன்றுபோன ஓட்டைகளில் இரும்பு வளையம் பொருத்துவர்.

அப்படியானால், எல்லா இடத்திலும் இரும்பை ஒட்டிவிடலாமா? கூடாது! எடை கூடினால் லாரியின் முன் சக்கரங்கள் திணறும். முக்கியமாக, ஸ்பிரிங் இருக்கும் இடத்தை அசையாமல் இறுக்கவே கூடாது. வேகமாகப் போகும்போது, பனிக்குள் மறைந்திருக்கும் கல்லிலோ, சாக்கடை மூடியிலோ பலகை மோதும். உடனே ஸ்பிரிங் விட்டுக் கொடுக்க, பலகை தலை சாய்த்துத் தடையைத் தாண்டி, மறுபடி நிமிர்ந்துவிடும். அதை இறுக்கிவிட்டால், அடி முழுவதும் லாரிக்கும், ஓட்டுநருக்கும்தான்! நாணல் வளைவதால்தான் வெள்ளத்தில் பிழைக்கிறது.

கடைசியாக, எண்ணெய்க் குழாய்களைச் சோதிப்பர். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் குளிரில் உறைந்து, பலகை ஏறாமல் நின்றுவிடும். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. அதிக அழுத்தத்தில் பீச்சும் எண்ணெய், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையை நீட்டித்தான் பார்ப்பர். பிறகு கிரீஸ், பெயின்ட், விளக்குச் சோதனை... கலப்பை தயார்!

நம் நாட்டிலும்...

ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குப் போகும் வழியில், 11,500 அடிக்கும் மேல் உயரத்தில் சோஜிலா கணவாய் இருக்கிறது. குளிர்காலத்தில் பனி மூடும் அந்தச் சாலையைத் திறப்பவர்கள், 1960ல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பினர். அவர்களுடைய இயந்திரங்களுக்கும் இப்படிப்பட்ட பராமரிப்பு தேவை.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்று நம் பெரியவர்கள் சொன்னது, பனிக்கும் பொருந்துகிறது பார்த்தீர்களா? உங்கள் சைக்கிளின் பிரேக் கட்டையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? தேய்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்!

பெயர் வையுங்கள்!

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பனி தள்ளும் லாரிகளுக்குப் பெயர் வைக்க 2020 - 21 குளிர்காலத்தில் போட்டி நடத்தினர். ஓட்டெடுப்பில் முதலிடம் பிடித்த பெயர், ‘பிளவி மெக்பிளவ்ஃபேஸ்’! ‘ஸ்டார் வார்ஸ்’ வில்லன் டார்த் வேடரை நினைவூட்டும், ‘டார்த் பிளேடர்’ என்ற பெயரும் ஒரு லாரிக்குக் கிடைத்தது. நீங்களாக இருந்தால் என்ன பெயர் வைப்பீர்கள், குட்டீஸ்?