வானூர்திகளில் நிலக்கடலைக் கட்டுப்பாடு

வானூர்திகளில் நிலக்கடலைக் கட்டுப்பாடு என்பது, உணவு ஒவ்வாமை உள்ள பயணிகளின் பாதுகாப்புக்காக வானூர்தி நிறுவனங்கள் நிலக்கடலை (வேர்க்கடலை) வழங்குவதைத் தவிர்ப்பதாகும். கடும் ஒவ்வாமையில் சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழல் சுருங்கி, இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிரிழப்பு நேரலாம். பறக்கும் வானூர்தியில் மருத்துவமனை உதவி உடனே கிட்டாது.

வரலாறு

1998 இல் ஐக்கிய அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, நிலக்கடலையற்ற இருக்கைப் பகுதிகளை ஒதுக்குமாறு நிறுவனங்களைக் கேட்டது. அந்நாட்டு நாடாளுமன்றம் அறிவியல் சான்று கோரி அதனைத் தடுத்தது. சவுத்வெசுட்டு நிறுவனம் 2018 ஆகத்து 1 முதல் தானாகவே நிலக்கடலையைக் கைவிட்டது.

அறிவியல் அடிப்படை

வட சென்னையின் காசிமேட்டில் கரையிறங்கும் இறால், நண்டு போன்றவற்றை வேகவைக்கும்போது அவற்றின் புரதம் ஆவியுடன் காற்றில் கலக்கும்; ஒவ்வாமை உள்ளவருக்கு அதனை முகர்வதாலேயே மூச்சிரைப்பு வரலாம். நிலக்கடலைப் புரதம் அவ்வாறு எளிதில் பரவுவதில்லை. இருக்கையிலும் மடிப்பு மேசையிலும் ஒட்டிய எச்சம் கைவழியே வாயை அடைவதே முதன்மை ஆபத்தாகும்.

கருத்து வேறுபாடுகள்

ஒரு தின்பண்டத்தை இழப்பது சிறிது. உயிர் பெரிது என்பர் ஆதரவாளர். பால், முட்டை, மீன், எள் ஆகியனவும் ஒவ்வாமை தருவன. அனைத்தையும் தடுக்க இயலாது, பயணிகள் கொண்டுவருவதையும் முழுதாகக் கண்காணிக்க முடியாது என்பர் மறுப்போர். தடை இருப்பினும் இல்லாவிடினும், இருக்கையை முன்னரே துடைப்பதும் அட்ரினலின் ஊசிமருந்தைக் கைப்பையில் வைத்திருப்பதும் இன்றியமையாதவை.