கொள்ள ஓர் அளவு, கொடுக்க ஓர் அளவா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் பள்ளிவாசலின் படியிறங்கும் நேரம். பர்கூரின் ஜவுளிக் கடைவீதியில், தொழுகைக்காகச் சாத்தப்பட்ட கடைகள் ஒவ்வொன்றாக மீண்டும் திறக்கப்படுகின்றன. தேநீர்க் கடை வாயிலில் நால்வர் கூடி நின்றால், பேச்சு பாலஸ்தீனத்தில்தான் போய் முடிகிறது. "இவ்வளவு உயிர்கள் போகின்றனவே, கேட்பாரே இல்லையா?" என்று முதியவர் ஒருவர் பெருமூச்செறிகிறார். "அந்நாட்டு மக்கள் தங்கள் அரசாங்கத்தைத் தட்டிக் கேட்க வேண்டாமா?" என்று இளைஞர் ஒருவர் சீறுகிறார்.

அன்பிற்குரிய வாசகப் பெருமக்களே! அந்த இளைஞரின் கேள்வி நியாயமானது. ஓர் அரசு தன் படையை ஏவி அப்பாவிகளை அழிக்கும்போது, அதன் குடிமக்களுக்கும் அதில் பொறுப்பு உண்டா, இல்லையா? அக்கேள்வியைத்தான் இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் ஒன்று: கேள்வியைக் கையில் எடுத்தவன், அது தன்னை நோக்கித் திரும்பும்போது முகத்தைத் திருப்பிக் கொள்ளலாகாது.

துணிக்கு மட்டுமா அளவுகோல்?

பர்கூர் துணி வணிகத்தால் வாழும் ஊர். கொள்முதல் செய்யும்போது ஒரு கோலும், விற்கும்போது அதைவிடக் குட்டையான கோலும் வைத்திருக்கும் வணிகரை நாம் என்னவென்று அழைப்போம்? அத்தகையோருக்கென்றே அருள்மறையில் ஓர் அத்தியாயம் இறங்கியுள்ளது. 83ஆம் அத்தியாயமாகிய 'அல்முதஃப்பிஃபீன்', பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்றுக்கொண்டு, தாம் அளந்து கொடுக்கும்போது குறைத்துவிடுவோருக்குக் கேடுதான் என்று எச்சரித்துத் தொடங்குகிறது.

இந்த எச்சரிக்கை துணிக்கும் தானியத்துக்கும் மட்டும் உரியதன்று. நீதிக்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஒரு கூட்டத்தார்மீது நமக்குள்ள பகைமை, நம்மை நீதியிலிருந்து வழுவச் செய்துவிடக் கூடாது என்று 'அல்மாயிதா' அத்தியாயத்தின் 8ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நமக்கோ, நம் பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாயினும் நீதிக்கே சாட்சியாக நிற்க வேண்டும் என்கிறது 'அந்நிஸா' அத்தியாயத்தின் 135ஆம் வசனம். முன்னது பகைவனுக்கு அளந்து கொடுக்கும் நீதி. பின்னது நமக்கு நாமே அளந்து கொள்ளும் நீதி. இரண்டுக்கும் கோல் ஒன்றுதான்.

பெருமானார் காட்டிய வழி

இது ஏட்டளவில் நின்ற போதனையன்று. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, மக்கா வெற்றிக்குப் பின் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்வோம். பனூ ஜதீமா என்னும் கோத்திரத்தாரிடம் மாவீரர் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் ஒரு படையுடன் அனுப்பப்பட்டார்கள். அம்மக்கள் தாங்கள் இஸ்லாத்தை ஏற்றதைத் தெளிவான சொற்களால் கூறத் தெரியாமல், பழைய மதத்தை விட்டுவிட்டோம் என்னும் பொருளில் கூறினார்கள். அவர்கள் சிறைபிடிக்கப்பட்டனர். பின்னர் அக்கைதிகளைக் கொல்லுமாறு தளபதியின் ஆணை பிறந்தது.

அப்படையில் இருந்தவர்களுள் ஒருவர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள். தம் கைதியைத் தாம் கொல்லப் போவதில்லை என்றும், தம் தோழர்களும் கொல்லமாட்டார்கள் என்றும் அவர்கள் உறுதியாக மறுத்துவிட்டார்கள். செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை எட்டியது. பெருமானார் இரு கைகளையும் உயர்த்தி, காலித் செய்த இச்செயலுக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று இறைவனிடம் இருமுறை முறையிட்டதாக புகாரீ நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. அத்துடன் நிற்கவில்லை. அலீ (ரலி) அவர்களைப் பொருளுடன் அனுப்பி, கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் உயிரீட்டுத் தொகை வழங்கச் செய்தார்கள். நாய் நீர் குடிக்கும் மரத்தொட்டிக்குக்கூட ஈடு தரப்பட்டது என்றும், எஞ்சிய பொருளையும் அறியாமல் விடுபட்டவற்றுக்கு ஈடாக அம்மக்களிடமே அலீ (ரலி) அவர்கள் கொடுத்து வந்தார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர்.

காலித் (ரலி) அவர்கள் செய்தது தவறான புரிதலால் நேர்ந்தது என்று மார்க்க அறிஞர்கள் விளக்குவர். அவர்கள் தளபதிப் பொறுப்பிலிருந்து நீக்கப்படவும் இல்லை. ஆயினும் 'தவறான புரிதல்' என்ற காரணத்தைச் சொல்லிப் பெருமானார் அச்செயலை மூடி மறைக்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. தவறு தவறென்று பகிரங்கமாகச் சொல்லப்பட்டது. ஆணையை மறுத்தவர் கண்டிக்கப்படவில்லை. பாதிக்கப்பட்டோருக்கு உடனே ஈடு சென்றது. அரசின் பொறுப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் வேண்டுமா? இக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு பாலஸ்தீனத்துக்குச் செல்வோம்.

கஃபர் காஸிமில் நடந்தது

1956ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள். இஸ்ரேல் எகிப்தின்மீது படையெடுத்த அதே நாள். இஸ்ரேலின் எல்லைக்குள்ளேயே, அதன் குடிமக்களாக வாழ்ந்த அரபு மக்களின் சிற்றூர் கஃபர் காஸிம். மாலை 5 மணி முதல் ஊரடங்கு என்ற அறிவிப்பு, ஊர்த் தலைவருக்கு அரைமணி நேரத்துக்கு முன்புதான் தெரிவிக்கப்பட்டது. வயல்களிலும் வெளியூர்களிலும் வேலைக்குச் சென்றிருந்தோருக்கு அச்செய்தி எப்படிப் போய்ச் சேரும்? அறியாமல் வீடு திரும்பிக் கொண்டிருந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக 49 பேரை எல்லைக் காவல் படையினர் சுட்டுக் கொன்றனர். அதே ஆணை சுற்றியிருந்த ஊர்களுக்கும் பொருந்தும். ஆனால் அங்கே பொறுப்பிலிருந்த சில அதிகாரிகள் சுடாமல் மக்களை வீடு சேர விட்டார்கள்.

அரசு இச்செய்தி வெளிவராமல் தணிக்கை செய்தது. அதை வெளிக்கொணர்ந்தவர்கள் யார்? இஸ்ரேலிய நாடாளுமன்றத்தின் கம்யூனிஸ்ட் உறுப்பினர்களான தவ்ஃபீக் தூபீ என்னும் அரபியரும், மேயிர் வில்னர் என்னும் யூதரும் ஆவர். வழக்கு நடந்தது. நீதிபதி பெஞ்சமின் ஹலேவி 1958இல் அளித்த தீர்ப்பில், வெளிப்படையாகவே சட்டத்துக்குப் புறம்பான ஆணையைப் படைவீரன் மறுத்தே ஆக வேண்டும். 'மேலிடத்து உத்தரவு' என்பது அவனைக் காக்காது என்ற கோட்பாட்டை நிலைநாட்டினார். எண்மர் தண்டிக்கப்பட்டனர்.

அதன்பின் நடந்ததையும் கேளுங்கள். தண்டனைகள் குறைக்கப்பட்டன, 1960ஆம் ஆண்டுக்குள் அனைவரும் விடுதலையாயினர். அப்பகுதியின் படைத் தலைவர் இஸஹார் ஷத்மிக்கு விதிக்கப்பட்ட தண்டனை, பத்து புரூட்டா அபராதம்! அந்நாட்டின் மிகச் சிறிய நாணயம் அது. கோட்பாடு உயர்ந்து நின்றது, கோல் குட்டையாகிவிட்டது.

1982ஆம் ஆண்டு செப்டம்பரில் பெய்ரூட்டின் ஸப்ரா, ஷத்தீலா முகாம்களில் நடந்த படுகொலையின் கதையும் இத்தகையதே. கொன்றவர்கள் லெபனானின் ஃபலாஞ்சுப் படையினர். முகாம்களைச் சூழ்ந்து நின்றது இஸ்ரேலியப் படை. அப்போது டெல் அவீவ் நகரில் பெருந்திரளான மக்கள் கூடித் தங்கள் அரசையே விசாரணைக்கு அழைத்தனர். கஹான் ஆணையம் 1983 பிப்ரவரியில், பாதுகாப்பு அமைச்சர் ஏரியல் ஷரோனுக்குத் தனிப்பட்ட பொறுப்பு உண்டு என்று கூறியது. அவர் அத்துறையை இழந்தார். ஆனால் அமைச்சரவையில் நீடித்தார். 2001இல் பிரதமரே ஆனார். கொன்ற கைகளோ, லெபனான் அரசு 1991இல் இயற்றிய பொதுமன்னிப்புச் சட்டத்தின் நிழலில் ஒதுங்கின. யூத அரசும் அரபு அரசும் இவ்விஷயத்தில் ஒன்றுபோலவே நடந்துகொண்டன என்பதை நாம் சொல்லத் தயங்கலாமா?

தேநீர்க் கடை இளைஞரின் கேள்விக்கு இதோ விடை: அந்நாட்டு மக்களுள் சிலர் கேட்டார்கள், பலர் கேட்கவில்லை. கேட்டவர்களால் ஓரளவு உண்மை வெளிவந்தது. கேளாதவர்களின் மௌனத்தால் நீதி பாதியில் நின்றது. இனி அக்கேள்வி நம் பக்கம் திரும்புகிறது.

நம் மாவட்டத்து வாச்சாத்தி

பர்கூரிலிருந்து ஊத்தங்கரையைத் தாண்டிச் சென்றால் அரூர். அதன் அருகே சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் பழங்குடி மக்களின் சிற்றூர் உள்ளது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல்தான் பிரிந்தது. 1992இல் பர்கூரும் வாச்சாத்தியும் ஒரே தருமபுரி மாவட்டம். 1991 தேர்தலில் பர்கூர் தொகுதியில் வென்ற செல்வி ஜெயலலிதா அவர்களே அப்போது மாநில முதலமைச்சர். வாச்சாத்தியில் நடந்ததற்கு அவர் ஆணையிட்டார் என்று எந்த நீதிமன்றமும் கூறவில்லை. ஆனால் பர்கூர் வாக்காளர்களின் குரல் நேராக முதலமைச்சரின் செவிக்கே செல்லக்கூடிய காலமாக அது இருந்தது.

1992 ஜூன் 20ஆம் நாள், கடத்தல் சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூருக்குள் புகுந்தனர். மக்கள் அடித்து நொறுக்கப்பட்டனர். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டனர். எல்லாவற்றையும் அரசுத் தரப்பு மறுத்தது.

அங்கும் கேட்டவர்கள் சிலரே. மலைவாழ் மக்கள் சங்கத்தாரும், மார்க்சிஸ்ட் தலைவர் அ. நல்லசிவன் அவர்களும் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் சென்று விசாரித்து அறிக்கை அளித்தார். 1995இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி அமர்வு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர்; 215 பேர் தண்டனை பெற்றனர். 2023 செப்டம்பர் 29ஆம் நாள், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அவர்கள் அத்தீர்ப்பை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டார்.

அலீ (ரலி) அவர்கள் உடனே கொண்டு சென்ற ஈடு, வாச்சாத்திக்கு ஆணையாக வந்து சேர 31 ஆண்டுகள் ஆயின. ஆயினும் வந்தது. அதிகாரிகளின் முகத்துக்கு நேரே நின்று அடையாளம் காட்டிய அந்த ஏழைப் பெண்களின் உறுதியால் வந்தது.

வாசகர்களே! அந்த 31 ஆண்டுகளில், ஒரே மாவட்டத்தவராகிய நாம் எத்தனை வெள்ளிக்கிழமைகளில் வாச்சாத்திக்காகக் கையேந்தினோம்? எத்தனை குத்பாக்களில் அவ்வூரின் பெயர் ஒலித்தது? அவர்கள் நம் சமயத்தவரல்லர் என்பதால் அளவுகோல் குட்டையாயிற்றா? விடையை அவரவர் உள்ளத்தில் தேடிக்கொள்ளலாம்.

இன்றைய கணக்கு

இப்போது காஸாவைப் பார்ப்போம். 2023 அக்டோபர் 7ஆம் நாள் ஹமாஸ் இயக்கத்தாரின் தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர்; சுமார் 250 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் போர்வீரர் அல்லாதவர். போரிடாத பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைப் பெருமானார் தடுத்துள்ளார்கள். ஆகவே அச்செயலை நம் மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்த வழியில்லை. அதன்பின் இஸ்ரேல் தொடுத்த போரில் காஸாவில் மாண்டோர் தொகை 2025 ஜூலையிலேயே 60,000த்தைத் தாண்டிவிட்டதாக அங்குள்ள சுகாதாரத் துறை அறிவித்தது. தற்காப்பு என்ற ஒரு சொல்லால் குழந்தைகளின் பிணக்குவியலை மூடிவிட முடியாது. அதற்கும் பெயர் கொடுமைதான்.

2024 நவம்பர் 21ஆம் நாள் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கல்லன்ட், ஹமாஸ் தளபதி முஹம்மது தைஃப் ஆகிய மூவருக்கும் ஒரே நாளில் கைதாணை பிறப்பித்தது. தைஃப் கொல்லப்பட்டது உறுதியானதால் 2025இல் அவர்மீதான நடவடிக்கை முடிக்கப்பட்டது. கைதாணை பிறந்ததால் நீதி கிடைத்துவிட்டது என்பதில்லை. ஆயினும் இரு தரப்பையும் ஒரே கோலால் அளக்க முற்பட்ட அம்முறையை முஸ்லிம்களாகிய நாம் வரவேற்கத்தான் வேண்டும். அது நம் மறை கற்பித்த முறை.

"நாம் கேட்டு என்ன ஆகப் போகிறது?" என்போர் வாச்சாத்தியை எண்ணிப் பார்க்கட்டும். கேட்டது வீண் போகவில்லை. அக்கிரமக்காரனாயினும் பாதிக்கப்பட்டவனாயினும் உன் சகோதரனுக்கு உதவு என்ற பெருமானாரின் போதனையும், அக்கிரமக்காரனுக்குச் செய்யும் உதவி அவன் கையைத் தடுப்பதே என்று அவர்கள் தந்த விளக்கமும் நாம் அறிந்தவையே.

அடுத்த வெள்ளிக்கிழமை பாலஸ்தீன மக்களுக்காகக் கையேந்துவோம். அதே கைகளால், நம் அண்டையில் அரசின் கைபட்டு அழுவோர் எச்சமயத்தவராயினும் அவர்களுக்காகவும் ஏந்துவோம். அவர்களுக்காக மனு எழுத வேண்டுமென்றால் நம் பெயரையும் அதில் எழுதுவோம். அவ்வாறு செய்தவர்களுக்கே, உலகை நோக்கிக் "கேட்பார் இல்லையா?" என்று கேட்கும் தகுதி உண்டு.

கொள்ளும்போதும் கொடுக்கும்போதும் ஒரே கோலால் அளக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.