வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதுமா?



கடந்த பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலுள்ள என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே போனால் எனக்கு ஒரு பழக்கம். தேக்காவில் பசியாறிவிட்டு, சிராங்கூன் சாலையைக் கடந்து ஜாலான் புசார் விளையாட்டரங்கு வரை நடந்து போய் வருவேன். 1929-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அரங்கு அது. காற்பந்துப் பித்தர்களுக்கு அதுவும் ஒரு கோயில்தான்.

இந்த முறை உடன் வந்தவன் என் பழைய மாணவன். நம் தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு கோல் காத்தவன். இப்போது சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடுமுறை நாளில் ஜொகூருக்கு வந்து ஒரு குழுவுக்கு ஆடுகிறான். தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் தயங்கித் தயங்கிப் பேசினான்.

"சார், போன மாசம் ஊர்ல ஒருத்தரு வந்து, அடுத்த ஆட்டத்துல ரெண்டு கோல் விட்டுடு, ஆயிரம் வெள்ளி தர்றேன்னாரு. வேண்டாம்னு சொல்லிட்டேன். அது போதும்ல சார்?"

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

கிண்ணம் வந்தது, மானம் போனது

1994 டிசம்பரில் ஷா ஆலமில் நடந்த மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். பஹாங்கை 4-0 என்று சிங்கப்பூர் வென்றது. அப்பாஸ் சாட் மட்டும் மூன்று கோல் போட்டார். தோட்டத்து மன்றத் தொலைக்காட்சி முன் சிறுவனாக உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்தவன் நான்.

மறு ஆண்டே அதே அப்பாஸ் சாட், ஆட்ட நிர்ணய வழக்கில் நீதிமன்றத்தில் நின்றார். 50,000 வெள்ளி அபராதம். ஆடவும் தடை. அவரோடு ஆடிய செக் நாட்டுக்காரர் மிஹால் வானா, பிணையில் இருந்தபோது நாட்டை விட்டே ஓடிவிட்டார். நம் மலேசியாவிலும் அந்த நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். எத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்ததோ!

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரின் ஊழல் தடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. லஞ்சம் கொடுத்தவர், வாங்கியவர், இடையில் நின்று முடித்துக் கொடுத்தவர் யாராக இருந்தாலும் ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம். பணத்தை வாங்கிக்கொண்டு, "நான் ஒழுங்காகத்தானே ஆடினேன்?" என்று கேட்டுத் தப்பிக்க முடியாது. வாங்க ஒப்புக்கொண்டாலே குற்றம்தான்.

லஞ்சம் என்றால் காசு மட்டுமா? இல்லை. 2013-இல் தெம்பனிஸ் ரோவர்ஸ் குழுவும் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் குழுவும் மோதவிருந்த ஆட்டத்துக்கு லெபனானிலிருந்து மூன்று நடுவர்கள் வந்தார்கள். அவர்கள் காசு வாங்கவில்லை. பெண்களை அனுப்பி ஆசை காட்டியிருந்தார்கள். ஆட்டம் தொடங்குமுன்பே மூவரும் மாற்றப்பட்டார்கள். தலைமை நடுவருக்கு ஆறு மாதமும் மற்ற இருவருக்கு மூன்று மாதமும் சிறை கிடைத்தது.

2015 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், மலேசியாவிடம் தோற்கும்படி தீமோர் லெஸ்தே குழுவினரை விலைபேசிய வழக்கில் ராஜேந்திரன் குருசாமி என்பவருக்கு நான்கு ஆண்டுச் சிறை. அதற்கு முன், 2011-இல் பின்லாந்தில் இரண்டாண்டுத் தண்டனை பெற்றவர் சிங்கப்பூர்க்காரரான வில்சன் ராஜ் பெருமாள். இந்தப் பட்டியலில் தமிழ்ப் பெயர்களைப் படிக்கும்போது நமக்குத் தலை குனிகிறது.

ஆனால் சட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஆட்ட நிர்ணயக் கும்பலின் தலைவர் என்று சொல்லப்பட்ட டான் சீட் எங் என்பவரை 2013-இல் விசாரணையின்றிக் காவலில் வைத்தார்கள். வெளிநாடுகளில் நடந்த ஆட்டங்களால் சிங்கப்பூரின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று காட்டப்படவில்லை எனக் கூறி, 2015 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. சில நாட்களிலேயே மறுபடியும் பிடித்து உள்ளே வைத்தார்கள். பெரிய மீனுக்காக நீதிமன்றம் வரை வாதம் நடக்கும். சின்ன மீனுக்கு யார் வாதாடுவார்கள்?

நம் பிள்ளைக்கு என்ன பதில்?

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருவோம். அவனிடம் விலைபேசியது ஜொகூரில். நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் இருக்கிறது. லஞ்சம் தருவதாக யாராவது சொன்னால், அதைப் பக்கத்திலுள்ள ஆணைய அதிகாரியிடமோ போலீசாரிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 25-ஆம் பிரிவு. மறைத்தால் பத்து ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வேண்டாம் என்று சொல்வது பாதிக் கிணறு. தெரிவித்தால்தான் முழுக் கிணறு.

இதைச் சொன்னதும் பையனின் முகம் வெளுத்துவிட்டது. "வீட்ல அம்மா தனியா இருக்காங்க சார். அந்த ஆளு ஏதாவது பண்ணிட்டா?" என்றான். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. "நீ தனியாகப் போக வேண்டாம்; நானும் வருகிறேன்" என்றேன். அடுத்த வாரமே இருவரும் போனோம். நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். வெளியே வந்ததும் அவன் விட்ட பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

பெற்றோர்களே! பிள்ளை கிண்ணத்தோடு வந்தால் கொண்டாடுகிறோம். புதுச் சப்பாத்தோடு வந்தால், "யார் வாங்கிக் கொடுத்தது?" என்று ஒரு வார்த்தை கேட்கிறோமா? கேளுங்கள். அடிப்பதற்காகவோ ஏசுவதற்காகவோ அல்ல. பயமில்லாமல் உங்களிடம் வந்து சொல்வதற்காகக் கேளுங்கள். அவன் வாய் திறக்கும்போது கேட்க வீட்டில் ஒரு காது இருந்தால், பாதி ஆபத்து அங்கேயே விலகிவிடும்.