எலும்பு அடர்த்திப் பரிசோதனை: சீட்டில் உள்ள எண் என்ன சொல்கிறது?

"முகாமில் மெஷின் வைத்துப் பார்த்தார்கள், எலும்பு ரொம்ப பலவீனம் என்று சொல்லிவிட்டார்கள். இனி என்ன செய்வது?" கையில் ஒரு சீட்டோடு இப்படிக் கேட்டு வரும் தாய்மார்கள் பலர். பயப்படுவதற்கு முன் அந்தச் சீட்டைப் புரிந்துகொள்வோம்.

முகாம்களில் பெரும்பாலும் குதிகாலை ஒரு சிறு கருவியில் வைத்து ஒலி அலை மூலம் பார்க்கிறார்கள். யாருக்கு மேற்கொண்டு சோதனை தேவை என்று பிரித்தறிய மட்டுமே அது உதவும். அதை வைத்து நோய் என்று முடிவு செய்யவோ, மருந்து தொடங்கவோ கூடாது. உறுதி செய்வது 'டெக்ஸா' ஸ்கேன்தான்.

டெக்ஸாவில் இடுப்பு எலும்பையும் கீழ் முதுகெலும்பையும் மிகக் குறைந்த எக்ஸ்ரே கதிரால் அளக்கிறார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் படுத்திருந்தால் போதும், ஊசி கிடையாது. வெறும் வயிறு தேவையில்லை, நோன்பு வைத்துக்கொண்டும் செய்யலாம். கால்சியம் மாத்திரையை மட்டும் முந்தைய நாள் நிறுத்திவிடுங்கள். உலோகப் பித்தான், ஜிப், ஊக்கு இல்லாத பருத்தி உடையில் போனால் உடை மாற்ற வேண்டிய சங்கடம் பெரும்பாலும் இருக்காது. பெண் ஊழியர் வேண்டுமென்றால் நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள். கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இனி முடிவு. 'டி ஸ்கோர்' என்பது உங்கள் எலும்பை ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிடும் எண். மைனஸ் 1-ம் அதற்கு மேலும் இருந்தால் இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் இருந்தால் அடர்த்தி குறைவு. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ். மைனஸ் 3 என்பது மைனஸ் 2-ஐ விட மோசம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நிம்மதியாகப் போனவர்களும் உண்டு. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் சம வயதினரோடு ஒப்பிடும் 'இசட் ஸ்கோர்'தான் பொருந்தும்.

ஆனால் எண் மட்டுமே தீர்ப்பு அல்ல. மைனஸ் 2 என்ற ஒரே எண் 52 வயதுப் பெண்ணுக்கும் 72 வயதுப் பெண்ணுக்கும் வரலாம். எலும்பு முறியும் ஆபத்து மூத்தவருக்கே மிக அதிகம். நின்ற நிலையிலிருந்து லேசாக விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவருக்கு, எண் நன்றாக இருந்தாலும் எலும்புப்புரை என்றே மருத்துவர்கள் கருதுவார்கள். தேய்மானம் உள்ள முதுகெலும்பு, இருப்பதை விட அதிக அடர்த்தியாகக் காட்டி ஏமாற்றுவதும் உண்டு.

ஆகவே டாக்டரிடம் போகும்போது சீட்டோடு இவற்றையும் சொல்லுங்கள்: முன்பு விழுந்து எலும்பு முறிந்ததா, பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்ததா, 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றதா, ஆஸ்துமா, மூட்டுவாதத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டீர்களா, வீட்டில் யாராவது புகை பிடிப்பவரா என்பதல்ல, நீங்களே பிடிப்பவரா. இவற்றில் ஏதாவது இருந்தால் 65 வயது வரை காத்திருக்காமல் முன்பே பரிசோதிப்பது நல்லது. இல்லாவிட்டாலும் 65 தாண்டிய பெண்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கு வராது என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. 70 தாண்டிய வாப்பாமார்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

வாரம் ஒருமுறை சாப்பிடும் அலென்ட்ரோனேட் மாத்திரை தந்தால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமலும் எதுவும் சாப்பிடாமலும் இருக்க வேண்டும். ரமலானில் அதை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தானாக நிறுத்திவிட வேண்டாம். அடுத்த ஸ்கேனை ஓரிரு ஆண்டு கழித்து, முடிந்தவரை அதே மெஷினில் எடுங்கள். மெஷின் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து கூடவே கொண்டு போங்கள்.