கண் தெரியாதவருக்கு செல்போன் எதற்கு?

"யாரையாவது கேட்டுத்தான் பேங்க்ல என் பணம் எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியணுமா, டாக்டர்?"

கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த பெரியவர் கேட்ட கேள்வி இது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பல வருடச் சர்க்கரை, கூடவே கண்நீர் அழுத்த நோய். இரண்டும் சேர்ந்து பார்வையைத் தின்றுவிட்டன. ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் வெளிச்சத்தை வைத்துத் தெரியும். கண் மருத்துவமனையில் பார்த்துவிட்டு, "இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது" என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் சித்த மருத்துவத்தில் ஏதாவது இருக்குமா என்று என்னிடம் வந்தார்.

வாசகர்களுக்கும் இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். கண்ணில் வரும் நோய்களை 96 என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள் நம் சித்தர்கள். அந்தப் பாடத்தை ஆசையாகப் படித்தவன் நான். ஆனால் பட்டுப்போன பார்வை நரம்பைத் துளிர்க்க வைக்கும் தைலம் எதுவும் என்னிடம் கிடையாது. 'இருக்கிறது' என்று யாராவது சொன்னால் நம்பிப் பணத்தை விடாதீர்கள். பூச்சாறு, தேன், தாய்ப்பால் என்று எதையும் கண்ணில் விடவும் வேண்டாம். கண்நீர் அழுத்தத்துக்குக் கண் மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்தை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. மிச்சமிருக்கிற பார்வையும் போய்விடும்.

சர்க்கரைக்கு வேண்டியதைப் பேசிவிட்டு, "சார், உங்ககிட்ட செல்போன் இருக்கா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த அவர் மனைவிதான் பதில் சொன்னார். "பையன் வாங்கிக் கொடுத்தது இருக்கு. கண்ணே தெரியல, இவருக்குப் போன் எதுக்குன்னு நான்தான் பீரோவுல எடுத்து வெச்சிட்டேன்."

பென்ஷன் வந்ததாகச் செய்தி வருவதும் அந்தப் போனில்தான். மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சு என்று ஊர்க் குழுவில் தகவல் வருவதும் அதில்தான். அது பீரோவுக்குள்! அவரோ ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பிக் கொண்டிருந்தார்.

போனுக்குள்ளேயே ஒரு வாசிப்பவர்

திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைக் குரலில் படித்துக் காட்டும் ஏற்பாட்டுக்குத் 'திரை வாசிப்பான்' என்று பெயர். இதற்காகத் தனியாகக் கருவி வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் 'டாக்பேக்' என்ற பெயரில் இது உள்ளேயே இருக்கிறது. ஐபோனில் இதற்குப் பெயர் 'வாய்ஸ்ஓவர்'. இரண்டும் 2009-லேயே வந்துவிட்டவை. கம்ப்யூட்டருக்கு 'என்.வி.டி.ஏ.' இருக்கிறது, இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் 2006-ல் இதைத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்ற நண்பரும் சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள்.

நம் நாட்டில் பிறந்தவர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டி.வி.ராமன் என்ற விஞ்ஞானி புனேயில் வளர்ந்தவர். நம் தலைமை ஆசிரியருக்கு வந்த அதே கண்நீர் அழுத்தத்தால் 14 வயதில் பார்வையை இழந்தார். அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, பிறகு கூகுள் நிறுவனத்தில் சேர்ந்தார். பித்தானே இல்லாத வழவழப்பான கண்ணாடியில் பார்வையற்றவர் எப்படி நம்பரை அழுத்துவது? அவரும் சக ஊழியர் ஒருவரும் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. விரலை முதலில் எங்கே வைக்கிறீர்களோ அதுதான் 5. அங்கிருந்து மேலே நகர்த்தினால் 2, கீழே நகர்த்தினால் 8. எண் எங்கே இருக்கிறது என்று விரல் தேடிப் போக வேண்டாம், விரல் இருக்கும் இடத்துக்கு எண் வந்துவிடுகிறது!

சென்னையில் படித்து வளர்ந்த பெனோ செபின், முழுப் பார்வையின்மையோடு 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் நியமனம் பெற்றார். அப்படி நியமிக்கப்பட்ட முதல் நபர் அவர்தான். அவர் படிக்கப் பயன்படுத்தியது கம்ப்யூட்டரில் இயங்கும் 'ஜாஸ்' என்ற திரை வாசிப்பான்.

முதல் நாளே வரும் குழப்பம்

பெரியவருக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையைக் கல்லூரியில் படிக்கும் பேத்தி எடுத்துக்கொண்டாள். இரண்டாம் நாளே எனக்குப் போன். "டாக்டர் அங்கிள், டாக்பேக் போட்டதிலேர்ந்து போன் கெட்டுப் போச்சு. தொட்டா எதுவும் திறக்கல, தள்ளினா நகரல!"

போன் கெடவில்லை. முக்கால்வாசி வீடுகளில் இந்த இடத்தில்தான் பயந்துபோய் அணைத்துவிடுகிறார்கள். ஏன் அப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் மீதியெல்லாம் சுலபம்.

பார்வை உள்ளவர் கண்ணால் தேடுகிறார், விரலால் திறக்கிறார். பார்வையில்லாதவருக்குத் தேடுவதும் விரல்தான், திறப்பதும் விரல்தான். தொட்டதெல்லாம் திறந்துகொண்டால் அவர் தேடுவது எப்படி? அதனால் டாக்பேக் இயங்கும்போது ஒரு தடவை தொட்டால் 'இது என்ன' என்று மட்டும் சொல்லும். திறக்க வேண்டுமானால் திரையில் எந்த இடத்திலாவது இரண்டு முறை சட்சட்டென்று தட்ட வேண்டும். பக்கத்தை நகர்த்த இரண்டு விரல்களைச் சேர்த்துத் தள்ள வேண்டும். சொல்லிக் கொடுப்பவருக்குப் பழைய பழக்கம் கையில் ஊறியிருப்பதால் அவர்தான் அதிகம் தடுமாறுவார். தாத்தாவுக்கு அந்தப் பழக்கமே இல்லையே, அவர் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்.

ஆரம்பிக்கும் முன் அணைக்கும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி என்ற பகுதிக்குப் போனால் டாக்பேக் இருக்கும். அங்கேயே ஒலிப் பித்தான் குறுக்குவழியையும் போட்டுவிடுங்கள். பிறகு ஒலியைக் கூட்டும், குறைக்கும் பித்தான்கள் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் டாக்பேக் வரும், மறுபடி பிடித்தால் போகும். ஒரே போனைக் கணவன், மனைவி இருவரும் வைத்துக்கொள்ளும் வீடுகளில் இது ரொம்ப உபயோகம்.

எதை முதலில், எதைப் பிறகு

எல்லாக் கட்டளைகளையும் ஒரே நாளில் ஒப்பிக்க வைக்காதீர்கள். காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் போதும். முதல் வாரத்துக்கு ஐந்தே அசைவுகள். ஒரு விரலால் வலது பக்கம் வழித்தால் அடுத்த பொருள், இடது பக்கம் வழித்தால் முந்தைய பொருள். இரண்டு தட்டில் திறக்கும். கீழே இழுத்து அப்படியே இடது பக்கம் திருப்பினால் பின்னால் போகும். மேலே இழுத்து இடது பக்கம் திருப்பினால் முதல் திரைக்கு வந்துவிடும். வழி தப்பினால் கடைசியில் சொன்னதைச் செய்தால் போதும், வீட்டு வாசலுக்கு வந்த மாதிரி.

அழைப்பு வந்தால்? இப்போதைய போன்களில் இரண்டு விரல்களால் திரையில் எங்கேயாவது இரண்டு முறை தட்டினால் எடுக்கலாம், பேசி முடித்து அதே போலத் தட்டினால் வைக்கலாம். பெரியவர் முதன்முதலாகத் தானே எடுத்துப் பேசியது வெளிநாட்டிலிருக்கும் மகனிடம். "அப்பா, யார் எடுத்துக் குடுத்தா?" என்று மகன் கேட்டாராம். "நான்தான்டா எடுத்தேன்" என்று சொன்னதை என்னிடம் நான்கு தடவை சொல்லிவிட்டார்.

இரண்டாவது வாரம் 'வாசிப்புக் கட்டுப்பாடு'. மூன்று விரல்களால் மேலோ கீழோ இழுத்தால் எழுத்து, சொல், வரி, தலைப்பு, பேச்சு வேகம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வரும். வேண்டியது வந்ததும் நிறுத்திவிட்டு, ஒரு விரலால் மேலும் கீழும் வழித்தால் அந்த அளவிலேயே படிக்கும். ரகசிய எண் வந்த செய்தியை முழுசாகப் படிக்க விட்டால் சில நேரம் 'நான்கு லட்சத்து...' என்று ஆரம்பித்துவிடும். 'எழுத்து' என்று வைத்துக்கொண்டால் நான்கு, ஏழு, இரண்டு என்று ஒவ்வொரு இலக்கமாகக் கேட்கலாம். போனுக்குப் போன் அசைவுகள் கொஞ்சம் மாறும். டாக்பேக் அமைப்பிலேயே ஒரு பயிற்சிப் பாடம் இருக்கிறது, அதை ஒரு தடவை முழுக்கச் செய்து பாருங்கள்.

எழுதுவதற்கு, எழுத்துப் பலகையில் விரலை எடுக்காமல் நகர்த்த வேண்டும். எழுத்தைச் சொல்லும். வேண்டிய எழுத்து வந்ததும் விரலை எடுத்தால் அது பதிவாகும். வயதானவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். பெரியவருக்குப் பிடித்தது அதுதான்.

குரல், காது, விரல்

"ஆங்கிலத்தை மட்டும் படிக்குது, தமிழ் வந்தா மௌனமாயிடுது" என்பது பொதுவான புகார். போனில் தமிழ்க் குரல் இறங்கவில்லை என்று அர்த்தம். எழுத்தைப் பேச்சாக மாற்றும் அமைப்புக்குள் போய்த் தமிழ்க் குரலை இறக்கிவிட வேண்டும். அதே இடத்தில் வேகமும் சுருதியும் இருக்கும். முதலில் வேகத்தை நன்றாகக் குறைத்து வையுங்கள். சுருதியையும் கொஞ்சம் இறக்குங்கள். இதற்கு வைத்தியக் காரணம் உண்டு. வயதாக ஆகக் காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை. தணிந்த குரல் அவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். அப்படியும் புரியவில்லை என்றால் போனைக் குறை சொல்வதற்கு முன் காதைக் காட்டுங்கள். வெறும் குறும்பியாகக்கூட இருக்கலாம்.

இயர்போன் ஒரு காதில் மட்டும் இருக்கட்டும். இன்னொரு காது தெருவுக்கு, வண்டிச் சத்தத்துக்கு.

விரலும் கவனிக்க வேண்டியது. இந்தத் திரை தோலின் மின்தொடுகையை வைத்து வேலை செய்கிறது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலையும், வறண்டு வெடித்த விரலையும் அது சரியாக உணராது. இரவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, போனைத் தொடும் முன் துடைத்துவிட்டால் போதும். கட்டைவிரலையோ நடுவிரலையோ பயன்படுத்திப் பார்க்கலாம். சர்க்கரையால் விரல் மரத்துப் போனவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் இரண்டு தட்டு சரியாக விழாது. போனைக் கையில் பிடிக்காமல், நழுவாத துணி விரித்த மேஜை மேல் வைத்துப் பழகச் சொல்லுங்கள்.

பாதிப் பார்வை இருப்பவர்களுக்கு இவ்வளவும் தேவைப்படாது. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி, பூதக்கண்ணாடி வசதி இரண்டும் அதே அக்சஸிபிலிட்டியில் இருக்கின்றன. அதையே முதலில் பாருங்கள்.

பணம் பற்றி

ரகசிய எண் போடும்போது போன் உரக்கப் படித்தால் ஆபத்து. 'கடவுச்சொற்களைப் படி' என்ற அமைப்பைப் பார்த்து வையுங்கள், இயர்போன் இல்லாமல் பணத்தைத் தொட வேண்டாம். டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் வசதி ஒன்று இருக்கிறது. போட்டுவிட்டால் கண்ணாடி இருண்டுவிடும், ஆனால் குரல் வரும். பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்க்க முடியாது. பெரியவரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். "இப்ப நான் படிக்கறேன், மத்தவனுக்குத்தான் தெரியாது!" கையோடு பழைய ஏ.டி.எம். ரகசிய எண்ணையும் மாற்றச் சொன்னேன். பையன் மேல் சந்தேகம் என்று இல்லை, நான்கு பேருக்குத் தெரிந்த எண் ரகசியமே இல்லை.

நோட்டு அடையாளம் காண, ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1-ல் வெளியிட்ட 'மணி' என்ற செயலி இருக்கிறது. நோட்டைக் காமிரா முன் நீட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும்.

எல்லாமே சுமுகம் என்று சொல்ல மாட்டேன். சில செயலிகளில் பித்தான்களுக்குப் பெயரே கொடுத்திருக்க மாட்டார்கள். 'பித்தான், பித்தான்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். அடையாளம் சரிபார்க்கக் கண்ணைச் சிமிட்டச் சொல்லும் கூத்தும் உண்டு. இதை எதிர்த்துப் போட்ட வழக்கில், இணைய வழிச் சேவைகளை எட்டும் உரிமை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பளித்தது. வங்கியில் 'முடியாது' என்றால் அந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேளுங்கள். பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கடிதங்களையும், படமாக ஸ்கேன் செய்த காகிதங்களையும் திரை வாசிப்பான் அப்படியே படிக்காது. யூனிகோடு எழுத்தில் இருந்தால்தான் படிக்கும்.

வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லையா? கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அடையாள அட்டை பற்றியும் அங்கே கேளுங்கள். பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்குச் செயலியோடு திறன்பேசி தரும் அரசுத் திட்டத்துக்கு யாருக்குத் தகுதி என்பதையும் அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

பெரியவர் போன மாதம் வந்திருந்தார். பேச்சு வேகத்தை ஏற்றி வைத்திருக்கிறார். போன் கடகடவென்று ஏதோ சொன்னது, எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, "பென்ஷன் வந்திடுச்சு" என்றார். அவருக்கு இப்போது ஒரே ஒரு குறைதான். சொந்தக்காரர்கள் காலை வணக்கத்தைப் பூப்போட்ட படமாகவே அனுப்புகிறார்கள். அவர் போன் அதைப் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. "ரெண்டு வரி டைப் பண்ணி அனுப்பச் சொல்லுங்க டாக்டர், உங்க பத்திரிகையில எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.