துப்பாக்கி துடைக்கும் கைகள்

எந்த ஈயம்?

ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இருப்பது வெள்ளீயம். துப்பாக்கியில் படிவது காரீயம், நஞ்சு. தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமரில் பெரும்பாலும் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. ஊசி தட்டியதும் அது வெடித்து, மிக நுண்ணிய தூளாகக் குழலிலும் தோட்டா அறையிலும் ஒட்டிக்கொள்கிறது. செம்பு உறையிட்ட குண்டுகளையே சுடுகிறோம், பயமில்லை என்பார்கள் சிலர். பலவகைக் குண்டுகளில் அந்த உறை அடிப்பாகத்தை மூடுவதில்லை; பிரைமரின் ஈயமோ உறையால் குறையப்போவதும் இல்லை. .22 ரைபிள் போட்டிகளில் உறையில்லாத காரீயக் குண்டே வழக்கம்.

தோல் வழியாக ஈயம் உள்ளே போகாதே, பிறகு துடைக்கும்போது கையுறை எதற்கு என்பது அடுத்த கேள்வி. காயமில்லாத தோலை இவ்வகை ஈயம் ஊடுருவுவது மிகக் குறைவு என்பது மெய்தான். அது உடலுக்குள் போவது மூச்சு வழியாகவும் வாய் வழியாகவும். வாய்க்கு அதைக் கொண்டுபோவது கை. சோற்றைப் பிசைந்து உண்ணும் நமக்கு இதைவிட நேரான பாதை வேறில்லை.

கரைப்பானும் கையுறையும்

குழலின் கரியைக் கரைக்கும் திரவங்களில் பெரும்பாலானவை பெட்ரோலிய வகை. செம்புப் படிவை எடுக்கச் சிலவற்றில் அம்மோனியாவும் சேர்ப்பார்கள். கரியோடு தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் அவை உரித்தெடுக்கின்றன. தோல் வறண்டு வெடிக்கும். வெடித்த தோலில் எந்த நஞ்சும் எளிதாக இறங்கும். லேடக்ஸ் கையுறை பெட்ரோலிய எண்ணெயில் ஊறி உப்பிவிடும், நைட்ரைல் தாங்கும். ஆனால் அசிட்டோன் கலந்த திரவம் மெல்லிய நைட்ரைலையும் சில நிமிடங்களில் கடந்துவிடும் என்பதால் புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்தாக வேண்டும். அழுக்கான கையுறையோடு கைபேசியைத் தொட்டால் கையுறை அணிந்த பயனே போய்விடும்.

சோப்பு போதுமா?

போதாது. ஈயம் படிந்த கைகளைச் சோப்பால் கழுவிய பிறகும் ஈயம் எஞ்சுவதைத் தொழில்சார் உடல்நலத்துக்கான அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனமான நையோஷ் கண்டறிந்தது. அதை நீக்கவென்றே சிட்ரிக் அமிலம் கலந்த துடைப்புத் தாளையும் உருவாக்கியது. அது கிடைக்காத இடத்தில் நக இடுக்குவரை சோப்பு போட்டு, ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுவதே வழி. சானிடைசர் கிருமியைக் கொல்லுமே தவிர ஈயத்தை அகற்றாது.

‘இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே’

இந்த வாதம்தான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ரத்தத்தில் கலந்த ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் தங்கியது பல பத்தாண்டுகள் கிடக்கும். கர்ப்ப காலத்தில் அங்கிருந்து மறுபடி ரத்தத்துக்கு வரும். ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் மெதுவாக வருவதால் யாரும் துப்பாக்கியைச் சந்தேகிப்பதில்லை. அமெரிக்காவின் பணியிட ஈய விதி 1978இல் வந்தது. ராணுவச் சுடுதளங்களில் வேலை செய்வோருக்கு அந்த விதியின் வரம்பு போதிய பாதுகாப்பு தரவில்லை என்று அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் அறிக்கை 2012இல் சொன்னது. குழந்தைகளைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. ஆகவே சாப்பாட்டு மேசையில் துப்பாக்கியைப் பிரிக்கக் கூடாது. துடைத்த துணியை உதறாமல் ஈரமாகவே பையில் கட்டிவிடுங்கள். அன்று உடுத்த உடையைத் தனியாகத் துவைத்து, கையைக் கழுவி, அதன் பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.