பிரதம அதிகாரியும் பிராடக்ட் மானேஜரும்

பெரிய உத்தியோகத்தை விட்டுச் சிறிய உத்தியோகத்துக்கு ஒருவர் தாமே விரும்பிப் போனாரென்றால் நம் ஜனங்கள் அதை நம்புவதில்லை. அவரை நீக்கிவிட்டார்களென்றோ, தேக அசௌக்கியமென்றோ காரணம் கற்பித்துக்கொள்கிறார்கள். மென்பொருள் கம்பெனிகளில் இருபது வருஷம் உழைத்து, நூற்றுக்கணக்கான பேரை ஏவி நடத்தும் ஸ்தானத்தை அடைந்தவர்களில் சிலர், அதை விட்டு ‘டெக்னிகல் பிராடக்ட் மானேஜர்’ வேலைக்குப் போக விரும்புகிறார்கள். இவர்களுக்குச் சொந்த வீட்டிலேயே ஆதரவு கிடைப்பதில்லை. மகளின் கலியாணப் பத்திரிகையில் எந்தப் பட்டத்தை அச்சடிப்பதென்ற கவலை வேறு! இம்மாறுதல் இழிவல்ல என்பதும், வெளியிலிருந்து பார்ப்போர் எண்ணுவதைவிட மிகக் கடினமென்பதும் நமது அபிப்பிராயம்.

மானேஜர் என்ற சொல்லைக் கேட்டதும், கீழே பத்துப் பேர் இருப்பார்களென்று எண்ணிவிடுகிறோம். அநேக கம்பெனிகளில் இவருக்குக் கீழே ஒருவரும் கிடையாது. ஒரு சரக்கு யாருக்காக, எந்தக் குறையைத் தீர்ப்பதற்காகச் செய்யப்படுகிறது, முதலில் எதைச் செய்வது, எதைச் செய்யாது விடுவது என்று நிச்சயித்து, என்ஜினீயர்களையும் விற்பனைக்காரர்களையும் அதற்கு இணங்கச் செய்வதே இவர் கடமை. ‘டெக்னிகல்’ என்ற அடைமொழியும் சேர்ந்தால், சரக்கின் உள்ளமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். இது ஆறு மாத வேலையென்று என்ஜினீயர் சொன்னால், ஏன் ஆறு மாதம் என்பது விளங்க வேண்டும். சரக்கு கெட்டால் பழி இவருடையது. கட்டளையிடும் உரிமை மாத்திரம் இல்லை. இம்முறை சோப்பு வியாபாரத்தில் பிறந்தது என்பது வேடிக்கை. 1931-ல் பிராக்டர் அண்டு காம்பிள் கம்பெனியில் காமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துவந்த நீல் மக்கெல்ராய் என்ற வாலிபர், ஒவ்வொரு சரக்குக்கும் அதையே கதியென்று கவனிக்கத் தனி மனிதர்கள் வேண்டுமென்று மேலதிகாரிகளுக்கு எழுதிய குறிப்பே இதற்கு மூலம். அவர் 1957-ல் அமெரிக்காவின் பாதுகாப்பு மந்திரியாகவும் ஆனார்.

வக்கீல் தொழிலில் இதற்கு ஒப்பான நிலை ஒன்றுண்டு. ஹைகோர்ட்டில் நிரந்தர நீதிபதியாக இருந்தவர் பிறகு தாம் வீற்றிருந்த கோர்ட்டில் வாதாடலாகாதென்று நமது அரசியல் சட்டத்தின் 220-வது பிரிவு தடுக்கிறது. சுப்ரீம் கோர்ட்டிலும் ஏனைய ஹைகோர்ட்டுகளிலும் வாதாடலாம். அவ்வாறு வருபவருக்குச் சட்டம் புதிதல்ல. தீர்ப்பு எழுதிப் பழகிய கை மனு எழுத வளையவேண்டும், அதுவே கஷ்டம். கம்பெனி அதிகாரியின் சங்கடமும் இதுவே. கூட்டத்தில் அவர், “இப்படிச் செய்தால் என்ன?” என்று சாதாரணமாகக் கேட்டாலும், இளைஞர்கள் பழைய மரியாதையினால் அதை உத்தரவாகவே கொண்டு, தங்கள் ஆட்சேபணையை விழுங்கிவிடுவார்கள்.

மிஸ்டர் பில் கேட்ஸின் சரித்திரம் இவ்விஷயத்தில் ஆராயத்தக்கது. 1975-ல் தாம் கூட்டாக ஸ்தாபித்த மைக்ரோஸாப்ட் கம்பெனியின் பிரதம நிர்வாகிப் பதவியை 2000 ஜனவரியில் மிஸ்டர் ஸ்டீவ் பால்மரிடம் ஒப்புவித்துவிட்டு, ‘பிரதம மென்பொருள் சிற்பி’ என்ற பெயருடன் சரக்குகளை உருவாக்கும் வேலைக்குத் திரும்பினார். அதனால் நன்மை விளையாமலில்லை. 2002 ஜனவரியில் அவர் எழுதிய சுற்றறிக்கைக்குப் பிறகு விண்டோஸ் என்ஜினீயர்கள் புது வேலைகளை நிறுத்திவைத்துப் பழைய பாதுகாப்புக் குறைகளைத் தேடலானார்கள். கணக்கும் விற்பனையும் பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரிக்கு அவ்வளவு நுட்பமான விஷயத்தில் மனம் செல்வது அரிது. ஆனால் அவர் துறந்தது பதவியை, அதிகாரத்தையல்ல. தலைவர் ஸ்தானம் அவரிடமே இருந்தது. முதல் வருஷத்தில் அவருக்கும் பால்மருக்கும் பிணக்கு மூண்டதென்று அமெரிக்கப் பத்திரிகைகள் 2008-ல் விரிவாக எழுதின. 2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு அடுத்ததாக ‘லாங்ஹார்ன்’ என்ற சரக்கு திட்டமிடப்பட்டது. தஸ்தாவேஜுகளையெல்லாம் புதிய முறையில் சேமித்துத் தேடித்தரும் ‘வின்எப்எஸ்’ அதிலொரு பாகம். அது கேட்ஸின் நெடுநாள் ஆசை. திட்டம் பெருத்தது, வேலை சிக்கலாயிற்று. 2004-ல், இது உருப்படாது என்று ஜிம் ஆல்ச்சின் என்ற அதிகாரி கேட்ஸிடம் நேரில் சொல்லவேண்டியதாயிற்று. வின்எப்எஸை நீக்கி, வேறு அடிப்படையில் பெரும்பகுதியை மீண்டும் கட்டி, விஸ்டா என்ற பெயரில் 2007 ஜனவரியில்தான் பொது ஜனங்களுக்கு விற்றார்கள். கேட்ஸுக்குத் திறமை குறைவென்று யாரும் சொல்லத் துணியார். அவருடைய ஆசையை மறுத்துப் பேசுவது சுலபமாயிருந்திருந்தால், அந்தப் பேச்சு முன்னதாகவே நடந்திருக்கக்கூடும் என்பதே நமது எண்ணம்.

நம் தேசத்துக்கு இதில் என்ன? நமது கம்பெனிகள் பெரும்பாலும் பிறர் கேட்டதைச் செய்துகொடுத்து, ஆட்களின் உழைப்புக்குக் கூலி பெற்று வளர்ந்தவை. என்ன செய்வதென்று தீர்மானிப்பவர் அயல்நாட்டார். லாபத்தின் சாரமும் அங்கேயே. உத்தியோக உயர்வும், ஒருவருக்குக் கீழே எத்தனை பேர் என்ற தலைக்கணக்கிலேயே நடந்துவந்திருக்கிறது. இதன் பலன், வாடிக்கைக்காரர்களின் தேவையை இருபது வருஷம் கண்டறிந்த மனிதர், அந்த அறிவு வேண்டிய இடத்தை விட்டு, லீவு மனுவில் கையெழுத்திட்டுக்கொண்டிருக்கிறார். சுதேசிச் சரக்கு வேண்டுமென்று மேடையில் முழங்கினால் போதாது. அதை வகுக்கத் தெரிந்தவரை அவ்வேலைக்கு அனுப்பவேண்டும்.

ஸோஹோ கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஸ்ரீ ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் பிரதம நிர்வாகிப் பதவியை விட்டு, ஆராய்ச்சியைக் கவனிக்கும் பிரதம விஞ்ஞானி ஆனார். நல்ல முன்மாதிரியே. எனினும் ஸ்தாபகருக்குச் சாத்தியமானது சம்பளக்காரருக்குச் சாத்தியமாகிவிடாது. வீட்டுக்கடனுக்கு மாதத் தவணை கட்டும் நாற்பத்தைந்து வயதுக்காரர் என்ன செய்வார்? சர்க்கார் சேவையில் ‘லியன்’ என்று ஓர் உரிமையுண்டு. வேறு இலாகாவுக்குப் போகும் நிரந்தர ஊழியர் குறித்த காலத்துக்குள் தமது பழைய வேலைக்குத் திரும்பலாம். நமது மென்பொருள் கம்பெனிகளும் இரண்டு வருஷத்துக்கு இவ்வுரிமையை அளித்து, முதல் வருஷத்திலாவது பழைய சம்பளத்தைக் குறைக்காமலிருக்கட்டும். திரும்பி வருபவரைத் தோற்றவரென்று தாழ்த்தலாகாது என்பதையும் விதிகளில் எழுதிவைப்பது நலம்.